பாத்ரூம் கதவுக்கு முன்னால் ஒரு ஸோல் பாட்டு

அண்ணன் செத்த மூன்றாம் நாள் அவன் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்தது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து அழிக்க வைக்கவில்லை. எங்கள் ரூமில் அது ஒரு மரியாதை.

கல்ஃபில் ரூமில் தங்கியிருப்பவன் செத்தால் உடம்பை அனுப்புவதைக் கம்பெனிக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் ஓடி முடிப்பார்கள். சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டுவது ரூம்காரர்கள் வேலை. கயிறு கட்டும் முன் போனை எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், கடையில் வாங்கியபோது இருந்த மாதிரி ஆக்கிவிட வேண்டும். பார்த்துவிட்டு அழித்தால் அது வேவு பார்ப்பது. பார்க்காமல் அழிக்க வேண்டும். ஷார்ஜா முவைலாவில் நாங்கள் இருக்கும் ரூமில் இதற்கு முன் இரண்டு பேருக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் ரூமின் மூத்த ஆள் கீழக்கரைக்காரர். கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் காக்கா. அவர்தான் போனை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, மையத்தக் குளிப்பாட்டி அனுப்புறோம்ல, அது மாதிரிதான் இதும். போன்ல மனுசன் ஆயிரம் வச்சிருப்பான். அதையெல்லாம் ஒங்க உம்மா பாக்கணுமா? தொறந்து நோண்டாம மொத்தமா அழிச்சிரு."

லாக் நம்பர் எனக்குத் தெரியும். 242424. அண்ணன் கித்தார் வாசிப்பவன்; அமெரிக்கக் கறுப்பர்களின் ஸோல் பாட்டில் கித்தார்காரன் தாளத்தின் ரெண்டாவது தட்டிலும் நாலாவது தட்டிலும்தான் சக், சக் என்று அடிப்பானாம். மற்ற நேரம் சும்மா நிற்பானாம். அந்த நம்பரை அடித்து உள்ளே போனேன். கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தேன். போன் ஒருமுறை இருண்டு, பல பாஷைகளில் வணக்கம் சொல்லியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அண்ணனுக்குக் கடைசியாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உடம்போடு நான் ஊருக்குப் போக முடியவில்லை. டயர் கடையில் எனக்கு விசா மாற்றிக்கொண்டிருந்தார்கள், இடையில் வெளியே போனால் திரும்ப வர முடியாது என்றார்கள். லீவில் போன ஒருத்தர் கூடப் போனார். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் எரித்தார்கள். நான் இங்கே ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டே வீடியோ காலில் பார்த்தேன். நடுவில் நெட் போய், அண்ணன் சதுரம் சதுரமாக உடைந்து நின்றான். அவன் உயிரோடு இருந்தபோதும் அவன் வீடியோ கால் அப்படித்தான்.

எரித்த மறுநாள் அம்மா கூப்பிட்டாள்.

"சாமி, அண்ணன் எனக்குன்னு ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன்னு சொன்னான்டா. லீவுல வந்து வாசிச்சுக் காட்டுறேன், இப்ப போன்ல புடிச்சு வச்சிருக்கேன்னான். போனு வந்துருச்சு. ஒங்க மாமன் மகன் நோண்டிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்ல, புதுசு மாதிரி இருக்குங்குறான். ஒங்கிட்ட இருக்கா?"

"இருக்கும்மா."

"பதினாறாம் நாளு காரியத்தன்னைக்கு எனக்குப் போட்டுக் காட்டிரு. அவன் எனக்குன்னு என்ன சொன்னான்னு கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"நெட்டு ஸ்லோவா இருக்கும்மா. அனுப்புறேன்."

போனை வைத்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கு இசையை எழுதத் தெரியாது. எது தோன்றினாலும் போனில் முனகி வைப்பான். இடம் பத்தவில்லை, பத்திரமான வேறு இடத்தில் சேமிக்கவா என்று போன் தினமும் கேட்கும். அவன் தினமும் அப்புறம் என்று அழுத்துவான். அவன் கட்டிய பாட்டுகள் மொத்தமும் அந்த ஒரு போனில் இருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு குளிப்பாட்டிவிட்டேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் முதலில் போனது ஓமனில் சலாலா. ஹோட்டல் சர்வர். மழைச் சீசனில் அந்த ஊருக்கு அரபிக் குடும்பங்கள் தூறலில் நனைவதற்கென்றே வருவார்களாம். நாம் ஓட்டு வீட்டுக்குள் சும்மாவே நனைந்தோமே என்று சொல்லிச் சிரிப்பான். அந்த ஹோட்டலில் ஒரு பேண்ட் இருந்தது. ஜூஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு கித்தார்காரன் விரலையே பார்த்துக்கொண்டு நின்று, இரண்டு தடவை வாடிக்கையாளர் மடியில் கொட்டியிருக்கிறான். ஒருநாள் கித்தார்காரன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு நாட்டுக்குப் போய்விட்டான். கித்தாரும் மேடையும் இருந்தன, ஆள் இல்லை. இவன் தட்டை வைத்துவிட்டு ஏறிவிட்டான். அவனுக்குத் தெரிந்தது கித்தாரில் மூன்று பிடிப்பு. அதிலும் அடிப்பதை விட அடிக்காமல் இருப்பதுதான் அதிகம், பயத்தில். பாடகர் திரும்பிப் பார்த்து, இவனுக்கு ஸோல் தெரிந்திருக்கிறதே என்றாராம்.

அப்புறம் கத்தார், ராஸ் லஃபான். கேஸ் பிளாண்டில் சாரம் கட்டும் வேலை. சலாலா ஹோட்டல் மூடியதால் போனான். கேம்பில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு வாசிப்பானாம். கீழ் பெர்த்துக்காரன் காலால் உதைப்பானாம். "அவன் ஒதைக்கிற டைமிங்கு நம்ம டிரம்மருக்குக்கூட வராதுடா" என்பான்.

கடைசியாக ஷார்ஜா. விசாவில் டைல்ஸ் மேசன் என்று அடித்திருந்தார்கள், செய்த வேலை ஸ்டுடியோவில் கித்தார். யார் பாட்டு போட்டாலும் போய் வாசிப்பான். மலையாளத்துக்காரர்களின் ஓணம் பாட்டு, அரபிக் கல்யாணப் பாட்டு, பல் டாக்டர் விளம்பரம், முருகன் பாட்டு, எல்லாவற்றிலும் அவன் கை உண்டு. எதிலும் அவன் பெயர் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் துபாயில் ஒரு ஹோட்டலில் பேண்டோடு ஸோல் வாசிப்பான். வெள்ளைக்காரர்கள் மூன்று மணி நேரம் சாப்பிடுவார்கள், இவன் மூன்று மணி நேரம் முக்கால்வாசி சும்மா நிற்பான். ஒருதரம் பார்க்கப் போனேன். "என்னண்ணே, வேல செய்யாம நிக்கிற?" என்று கேட்டேன். "நிக்கிறதுக்குத்தான்டா கூப்புடுறாங்க" என்றான்.

ஊரில் இதை யாரும் நம்பவில்லை. மேசன் என்று கார்டிலேயே இருக்கிறதே. போன லீவில் அம்மா அவனிடம், ஊரான் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டுகிறாய், நம் வீட்டுப் பாத்ரூமுக்கு ஒட்டக்கூடாதா என்று கேட்டுவிட்டாள். இல்லை என்று சொல்ல ரோஷம் விடவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து ஒட்டினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் குளித்தாலும் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் அடுப்பங்கரைக்கு ஓடும். அம்மா சாக்கை மடித்து வாசலில் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது அந்தப் பாட்டுக்கு வருகிறேன். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவன் கடைசியாகக் கட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பாட்டுத்தான், அது அம்மா பாட்டு இல்லை. பாத்ரூம் பாட்டு.

ஆறு பேர் ரூமில் ஒரே பாத்ரூம். ஏசி மெக்கானிக் ஒருத்தர் இருக்கிறார், அரியலூர்க்காரர், நல்ல கனத்த உடம்பு. அவருக்குப் பதினொரு மணிக்கு டூட்டி, அண்ணனுக்குப் பத்து மணிக்கு ஸ்டுடியோ. ஒன்பது மணிக்கு மெக்கானிக் உள்ளே போனால் வெளியே வர ஒரு யுகம் ஆகும். அண்ணன் துண்டைத் தோளில் போட்டு, கித்தாரை மாட்டிக்கொண்டு, கதவுக்கு முன்னால் நின்று பாடுவான். உள்ளேயிருந்து மெக்கானிக் பதில் பாடுவார்.

கதவத் தொறப்பா, மணி ஒம்பதாச்சு
"வர்றேன் வர்றேன்!"
டீயும் ஆறிப் பச்சத் தண்ணியாச்சு
"வர்றேன் வர்றேன்!"
ஒத்த வாளித் தண்ணிக்காக
ஒலகமே வெளிய நிக்குதப்பா
"வர்றேன், இந்தா வர்றேன்!"

ஸோலில் ஒருத்தன் கேட்பான், கூட்டம் பதில் சொல்லும், அதுதான் அழகு என்பான் அண்ணன். எங்களுக்குக் கூட்டம் என்றால் கக்கூஸில் இருந்த ஒரு ஆள். இரண்டு மாதமாக ஒவ்வொரு நாள் காலையும் இதை ஓட்டினான். நான் முதல் சரணத்தோடு டயர் கடைக்குக் கிளம்பிவிடுவேன். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல். ஒருநாள், "இந்தப் பாட்ட நிறுத்தித் தொலண்ணே" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். நிறுத்திவிட்டான், பாருங்கள்.

அந்த மெட்டை அண்ணன் வாசித்தபோது யாராவது பிடித்து வைத்திருக்க மாட்டார்களா என்று, முதலில் பேண்டில் பாடும் பெண்ணைத் தேடிப் போனேன். நைரோபிக்காரி. அவளையும் அண்ணனையும் வைத்து ரூமில் ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருந்தார்கள். போனைத் திறக்காமல் அழிக்கச் சொன்னதற்கு அவளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஹோட்டல் பின்வாசலில், சாப்பாட்டு வண்டிகளுக்கு நடுவே நின்று பேசினோம். என் இங்கிலீஷ் டயர் கடை இங்கிலீஷ். என்னைப் பார்த்த உடனே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யுவர் பிரதர், லேஸி மேன்" என்றாள். "பெஸ்ட் லேஸி மேன்."

காதலெல்லாம் இல்லையாம். அவள் தட்டிலிருந்து வாராவாரம் உருளைக்கிழங்கு சிப்ஸைத் திருடித் தின்பானாம், அவ்வளவுதானாம். கேட்டு எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

அவள்தான் அவன் கடைசி நாளில் கூட இருந்தவள். ஸ்டுடியோவில் அரிசி விளம்பரத்துக்கு அவள் பாட, இவன் கித்தார். மூன்று டேக் முடிந்தது. இன்னொன்று எடுப்போம் என்று அவள் கேட்டிருக்கிறாள். ஒரு நிமிஷம் என்று சொல்லி ஹெட்போனை மாட்டி, கித்தார் மேல் குனிந்திருக்கிறான். டிராக் ஓடியது. இவன் அடிக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் எப்போதும் அப்படி விட்டு விட்டு வாசிக்கிறவன் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பாட்டு முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் போய்த் தொட்டிருக்கிறார்கள். ஹார்ட்.

இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள், நானும் அழுதேன். சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டு வந்தவன், "பாய், ஸைடு" என்றான். இரண்டு பேரும் ஒதுங்கி நின்று அழுதோம்.

அப்புறம் நான் வந்த விஷயத்துக்கு வந்தேன். பாத்ரூம் பாட்டை அவளுக்குப் பாடிக் காட்டினேன். என் குரல் கேட்க நாராசமாக இருக்கும். இரண்டு வரி முடிவதற்குள் அவள் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். அதே மெட்டில், அரிசி மூட்டை இந்த வாரம் சலுகையில் என்று இங்கிலீஷில் பாடினாள்.

அரிசி விளம்பரத்துக்கு முதல் இரண்டு டேக்கிலும் அவர்கள் சொன்னதை வாசித்திருக்கிறான். மூன்றாவது டேக்கில் சொன்னதை விட்டுவிட்டுப் பாத்ரூம் மெட்டை வாசித்திருக்கிறான். எல்லோருக்கும் அதுதான் பிடித்துப்போய், பாட்டையே அதற்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டார்கள். அந்த விளம்பரம் ஏற்கனவே ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் டயர் கடை ரேடியோவிலும் ஓடியிருக்கும். நான் காற்று அடிக்கும் சத்தத்தில் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஸ்டுடியோவில் சவுண்டு பார்ப்பவர் மலையாளி. போய் நின்றேன். எதுவும் கேட்காமல் கம்ப்யூட்டரைத் தட்டி, பாட்டையும் டிரம்மையும் எடுத்துவிட்டு, கித்தாரை மட்டும் தனியாக என் போனுக்கு அனுப்பினார். "மோனே, இது ஆர்க்கும் கொடுக்கண்டா, கேட்டோ" என்று, வேறு யாருக்கும் கொடுக்காதே என எச்சரித்தார். விளம்பரம் என்பதால் முப்பது செகண்டுதான். சக், சக். நடுவில் ஒரு சின்ன இழுப்பு. கடைசியில் அவன் மூச்சு விடும் சத்தம். ரோட்டில் நின்று பதினாலு தடவை கேட்டேன்.

காரியத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ரூமில் கூட்டம் போட்டோம். கித்தாரை ஸ்பீக்கரில் ஓட்டி, மேலே நாங்களே பாடி, என் போனில் பிடிப்பது என்று முடிவு. காக்கா கடையை உறவுக்காரரிடம் விட்டுவிட்டு மேலே வந்து, தாளம் போட வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

மெக்கானிக்கை ஹால் நடுவில் நிறுத்தினோம். "வர்றேன் வர்றேன்" என்று சொல்ல வேண்டியதுதான் அவர் வேலை. ஆடு கத்துகிற மாதிரி வந்தது.

"என்ன மச்சான், தெனம் நல்லாத்தான பாடுவ?" என்றார் காக்கா.

"வெளிய நின்னா சுதி நிக்க மாட்டேங்குது காக்கா. உள்ள போயிப் பாக்கட்டுமா?"

உள்ளே போனார். கதவைச் சாத்தினார். இன்னும் சரிவரவில்லை. குழாயைத் திறந்துவிட்டார். இப்போது வந்தது பாருங்கள், அசல் குரல். முதல் சரணத்தை நான் கதவுக்கு முன்னால் நின்று பாடி முடித்தேன். கித்தாரை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டிய இடத்தில், உள்ளேயிருந்து மெக்கானிக் தானாகவே இரண்டாவது சரணத்தை எடுத்தார்.

மேஸ்திரின்னு விசாவுல போட்டான்
எங்காத்தா அத நம்பிப்புட்டா
நாலு நாளு ஒட்டுன டைல்ஸுல
தண்ணி அடுப்பங்கரைக்கு ஓடுதப்பா

நான் நிறுத்திவிட்டேன். காக்காவும் வாளியில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். அந்தச் சரணம் எனக்குத் தெரியாது. நான் டூட்டிக்குக் கிளம்பிய பிறகு பாடியிருக்கிறான். அம்மாவிடம் அவன் சொன்னது பொய் இல்லை.

"அண்ணே, இதுக்கு அப்புறம்?" என்று கதவைத் தட்டினேன்.

குழாய் நின்றது.

"மூணாவது ஒண்ணு வச்சிருக்கேன், அதுதான் மெயினுன்னு சொல்லுவான் தம்பி. ஆனா ரெண்டாவது முடியிறப்ப நான் வெளிய வந்துருவேன். அவன் துண்ட எடுத்துக்கிட்டு உள்ள ஓடிருவான்." குழாய் ஒருமுறை திறந்து மூடியது. "முன்னயே தெரிஞ்சிருந்தா இன்னொரு பத்து நிமிசம் உக்காந்திருப்பேனேடா."

அவர் வெளியே வரும்போது முகமெல்லாம் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பதினாறாம் நாள் காலை, காரியம் முடிந்ததும் அம்மா கூப்பிட்டாள். பாட்டை ஏற்கனவே அனுப்பியிருந்தேன். மாமன் மகன் போட்டுக் காட்டினான். எங்கள் பக்கம் ரூம் மொத்தமும் போனைச் சுற்றி நின்றது. அங்கே அண்ணன் கித்தார் அடிப்பது எங்களுக்குக் கேட்டது. சக், சக். என் நாராசக் குரல். வாளி. வர்றேன் வர்றேன். அடுப்பங்கரைக்கு ஓடுதப்பா. முடிந்தது.

அம்மா வாய் திறக்கும் முன் நானே சொன்னேன்.

"அம்மா, அது பாத்ரூம் பாட்டும்மா. காலைல பாத்ரூமுக்கு வெளிய நின்னு பாடுறது. உள்ள கேட்டதெல்லாம் எங்க ரூம் ஆளுக. கித்தாரு மட்டுந்தான் அண்ணன். அவன் பாடி வச்சிருந்தத நான் அழிச்சுட்டேன்மா. போன நாந்தான் அழிச்சேன். தெரியாம பண்ணிட்டேன்."

பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

"படுபாவிப் பய" என்றாள். "எம்புட்டு லெச்சணமா ஒட்டிட்டு, பாட்டு வேற கட்டியிருக்கான். இப்பக்கூட வந்தவுக காலு கழுவுன தண்ணி இங்கதான்டா நிக்குது." சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். "உள்ள இருந்து வர்றேன் வர்றேங்குறது யாரு? அந்தப் புள்ளைகிட்டக் குடு."

மெக்கானிக் இரண்டு கையாலும் போனை வாங்கினார், ஆபீசரிடம் பாஸ்போர்ட் வாங்குவது போல.

"சொல்லுங்கம்மா."

"ஏய்யா, எம்புள்ளைய அம்புட்டு நேரமா வெளிய நிக்க வச்ச?"

"தப்புதாம்மா. மன்னிச்சிருங்கம்மா."

"சேச்சே. நிக்க வச்சதுனாலதான சாமி பாடியிருக்கான். நீ வெரசா வந்திருந்தா ஒண்ணுமே கட்டியிருக்க மாட்டான் சோம்பேறிப் பய. நீ அவசரப்படாம இரு."

அம்மா சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் அரை மணி நேரம், இப்போது முக்கால் மணி. கேட்டால், "அம்மா ஆர்டர் தம்பி" என்கிறார். முன்பு அவருக்கு முன்னாலேயே குளித்துவிடும் நான், இப்போது அண்ணன் முறையில் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். போன வாரம் இரண்டு நாள் டயர் கடைக்கு லேட். ஃபோர்மேன் காரணம் கேட்டார். பாத்ரூமில் ஆள் என்றேன். வேறு நல்ல பொய்யாகச் சொல்லு என்றார்.

காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் நிற்கிறேன். எனக்குக் கித்தார் வராது. ரெண்டாவது தட்டுக்கும் நாலாவது தட்டுக்கும் கதவில் தட்டுகிறேன். முதல் சரணம் பாடுகிறேன், இரண்டாவதும் பாடுகிறேன். மூன்றாவதுக்கு வார்த்தை இல்லாததால் வெறுமனே தட்டிக்கொண்டு நிற்கிறேன். உள்ளே குழாய் ஓடுகிறது. வர்றேன் வர்றேன் என்று குரல் மட்டும் வருகிறது. ஆள் வருவதில்லை.